நான்கு மூச்சு, ஒரு சுற்று

இரவு பதினொன்றரை. செந்தூல், பதினாறாவது மாடி.
சாப்பாட்டு மேசையில் நீள்வட்டத் தண்டவாளம்,
நடுவில் எடுக்க மறந்த உப்பு ஜாடி.
நீராவி இஞ்சின் என் கையைவிடக் கொஞ்சம் நீளம்.
பின்னால் இழுத்துவரும் நிலக்கரிப் பெட்டியில்
நிலக்கரி இல்லை,
ஐம்பது காசு அகலத்தில் ஓர் ஒலிபெருக்கி.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
கதவு மூடும் சத்தத்திலேயே
எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.
அதனால்தான் இது பொறுக்கவில்லை:
சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள்
இஞ்சின் ஐந்து மூச்சு விடுகிறது.
இரண்டு சிலிண்டர்,
போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று,
நான்குதான் கணக்கு.
ஐந்தாவது யாருடையது?

சக்கர விளிம்பில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.
ஊர்ந்து போகவிட்டு எண்ணினேன்.
ஐம்பத்தேழாம் அமைப்பில் நாற்பது போட்டால்
சக்கரம் முந்துகிறது, சத்தம் பின்னால் தேடிக்கொண்டு வருகிறது.
இருபது போட்டால்
லிஃப்ட் நின்ற நாளில் கேஸ் தோம்பு சுமந்து
பதினாறு மாடி ஏறியவனின் இரைப்பு.
முப்பத்து மூன்று.
புள்ளி மேலே, புஸ். முன்னே, புஸ்.
கீழே, புஸ்.
பின்னே,
புஸ்.

சந்தோஷத்தில் விசிலை அழுத்திவிட்டேன்.

கீழ் வீட்டு சுரைடாவிடமிருந்து வாட்சப்:
"அக்கா, இந்த நேரத்தில் என்ன பருப்பா? எத்தனை விசில்?"
பருப்பு இல்லை, ரயில் என்றேன்.
சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.
பிறகு: "இப்போதுதான் கண் அசந்தான்."

மொத்த ஒலி அறுபத்து மூன்றாம் அமைப்பு.
நூற்றுத் தொண்ணூற்று இரண்டில் இருந்தது, பாதியாக்கினேன்.
மேசையில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.
அப்படிக் கேட்டபோதுதான் அகப்பட்டது:
விசில் முடிந்து அமைதி தொடங்குமுன்
நூலிழை இடைவெளியில்
ஒரு பறவை.
இரண்டே சொட்டு.

மைனா இல்லை. அதிகாலையில் நம்மைத் திட்டும் குயிலும் இல்லை.
எங்கோ ஒரு குளிர் நாட்டில்
கையுறை போட்ட யாரோ மைக்கை நீட்டிக்கொண்டு நிற்க,
அது பாட்டுக்கு வேலியில் உட்கார்ந்திருக்கும்.
பதிவாகிறோம் என்று அதனிடம் யார் சொன்னார்கள்?

தண்ணீர் குடிக்க வந்த இளந்திரையன்
தானும் மேசையில் காது வைத்துப் பார்த்தார்.
"எடுத்துவிடு. கெடா பக்கம் ஓடிய இஞ்சின் மாதிரி என்றுதானே வாங்கினாய்?
அங்கே ஏது இந்தப் பறவை?"

எடுக்க வழியில்லை.
கரி அள்ளும் சத்தத்துக்குத் தனி எண் உண்டு,
பிரேக் கிறீச்சிடலுக்கு உண்டு,
அடைப்பானில் கசியும் ஆவிக்கும் உண்டு.
விசிலும் பறவையும் ஒரே கோப்பு.
அதைக் குறைத்தால் இதுவும் குறையும்,
அதை நிறுத்தினால் இதுவும் இல்லை.
அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படுக்கப் போனார்.
எனக்கோ அதற்குள்
அது இல்லாத விசில் மொட்டையாகத் தோன்றத் தொடங்கியிருந்தது.

எழுபதில் பறவை காணாமல் போகிறது.
தொண்ணூறில் குழந்தை எழுந்துவிடலாம்.
இடையில் இருபது எண்கள்.
மின்விசிறியை நிறுத்தினேன்.
கடைசி எல்ஆர்டி வளைவில் திரும்பிப் போகும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இன்னும் ஏதோ முனகுகிறதே என்று
பிரிட்ஜின் சுவிட்சையும் அணைத்தேன்.

எழுபத்தைந்து. எழுபத்தெட்டு.
பாதிச் சொட்டு.
இன்னும் ஒன்று.

மின்சார பில்லின் பின்புறம் குறித்துவைத்தேன்:
57க்கு 33. 63க்கு 79.
கீழே 'பறவை' என்று எழுதி
எதிரில் போட எண் இல்லாமல்
அப்படியே விட்டேன்.

காலையில் பால் திரிந்திருந்தது.
கோப்பி ஓவை உறிஞ்சியபடி இளந்திரையன்
பிரிட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கடைசியில் ரயிலைப் பார்த்து,
"எத்தனையில் நிற்கிறது?" என்றார்.